நோயாளியின் உடலும் மாணவரின் அறிவும்

மருத்துவ மாணவரும் செவிலிய மாணவியும் மனித உடலைக் கொண்டே தொழில் கற்கிறார்கள். ஊசி போடக் கற்பதற்கு நீட்டப்படும் முதல் கை யாரோ ஒருவருடைய கை. அதனால் இந்தக் கல்வியில், அறிவு எந்த வழியாக வருகிறது என்ற கேள்வியோடு, அந்த அறிவுக்காக வலியைப் பொறுப்பவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. முன்னது அளவையியலுக்கு உரியது. பின்னது அறத்துக்கு உரியது. எந்தக் கற்றல் கோட்பாடும் இரண்டுக்கும் விடை சொன்னால்தான் மருத்துவமனைக்குப் பொருந்தும்.

முதல் கேள்வி புதியதன்று; காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய அறிஞர்கள் அதை முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். பௌத்த அளவையியலின் பேராசான் திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவர், ‘பிரமாண சமுச்சயம்’ என்ற நூலில் காட்சி, அனுமானம் என்ற இரண்டையே அறிவின் வழிகளாக ஏற்றார். பிறர் சொல்லைத் தனி வழியாக அவர் ஏற்கவில்லை. சொன்னவர் நம்பத்தக்கவரா என்று ஆராய்ந்தே அதைக் கொள்கிறோம் என்பதால், அதுவும் அனுமானத்தில் அடங்கும் என்றார். மணிமேகலைக் காப்பியத்தில் நாயகிக்குக் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் அளவையும் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததே. இதற்கு மாறாக, 1268-இல் காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், காட்சி, அனுமானம் ஆகியவற்றோடு சொல்லையும் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவின் தனி வழியாகக் கொண்ட விசிஷ்டாத்வைத நெறியை ‘நியாய பரிசுத்தி’யில் நிலைநாட்டினார்.

இந்த வழக்கு வகுப்பறையில் இன்றும் தீரவில்லை. விரிவுரையும் பாடநூலும் சொல் வழி வரும் அறிவு. மருந்தின் அளவை ஒவ்வொரு மாணவரும் தாமே சோதித்து அறிய முடியாது. ஆசிரியர் சொல்லை நம்பித்தான் தொடங்க வேண்டும். ஆனால் காய்ச்சலும் நாடித்துடிப்பும் காட்சிக்கு உரியவை. அவற்றிலிருந்து நோயைக் கண்டறிவது அனுமானம். சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர், பாடநூல் வரிசைப்படி வராத நோயாளியின் முன் திகைத்து நிற்பார். கற்பவருக்கு முன்பே தெரிந்திருப்பதுதான் புதிய கல்வியின் அடித்தளம் என்று 1968-இல் கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் எழுதியதற்கு இங்கே முழுப் பொருள் உண்டு. குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுதும் குனிந்து நெய்யும் ஒருவர் இடுப்பு வலியோடு வருகிறார் எனலாம். நெய்த சேலைக்குத்தான் கூலி என்பதை அறியாத மாணவி, ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள். அவளுடைய மருத்துவ அறிவில் பிழையில்லை. நோயாளியின் வாழ்க்கை அவள் அனுமானத்தில் சேரவில்லை.

மூன்று வழிகளுக்கும் அப்பால் செய்து அறிவது ஒன்று உண்டு. கை கழுவும் முறை போன்ற ஒழுங்குகள், செய்வதும் உடனே திருத்தப்படுவதுமாகப் பலமுறை நடந்து பழக்கமாகின்றன. நடத்தையியல் கோட்பாட்டின் வலிமை இங்கேதான். மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா விளக்கினார். மூத்த செவிலியர் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால், மாணவி வகுப்பில் கேட்டதைக் காட்டிலும் அதையே கற்பாள். கற்றல் ஆய்வாளர்கள் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல், தொழில் செய்யும் குழுவின் ஓரத்தில் சிறு பொறுப்போடு சேர்ந்து, படிப்படியாக நடுவுக்கு வருவதே கற்றல் என்றனர். காஞ்சியின் கோர்வைச் சேலை நெசவு இப்படித்தான் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது. கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறமுள்ள அந்தச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளும் துணையாளாக அமர்ந்தவர், பின்னாளில் தறிக்கு உரியவராகிறார்.

ஆனால் இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. தப்பாக விழுந்த ஊடை இழையைப் பிரித்து எடுத்துவிடலாம். தப்பாகச் செலுத்திய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே செய்து கற்பது என்ற கோட்பாட்டை மருத்துவம் அப்படியே ஏற்க இயலாது. சுசுருத சம்ஹிதை இதை உணர்ந்து, பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் அறுவையைப் பழகச் சொல்கிறது. மனித உருவப் பாவைகளில் பழகும் இன்றைய பயிற்சிக் கூடங்கள் அந்த நெறியின் தொடர்ச்சி. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வகுத்த நான்கு படிகளும் இதற்குத் துணை: அறிதல், எப்படிச் செய்வதென அறிதல், செய்து காட்டல், பணியில் செய்தல். மூன்றாம் படியில் தேறாதவரை நான்காம் படிக்கு விடுவது கல்விக் குறை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும்.

எவ்வளவு பழகினாலும் முதல் நோயாளி ஒரு நாள் வந்தே தீர்வார். அப்போது அறம் மூன்றைக் கேட்கிறது. கற்பவர் தாம் மாணவர் என்பதைச் சொல்லி இசைவு பெற வேண்டும். தேர்ந்தவர் அருகில் நிற்க வேண்டும். மறுக்கும் நோயாளிக்குச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. ஏழைகள் நிறையும் பொது மருத்துவமனையில் இது இன்னும் கட்டாயம். கட்டணம் கொடுக்க இயலாதவர் தம் உடலைப் பாடப் பொருளாகக் கொடுத்துக் கடன் தீர்க்க வேண்டியதில்லை. இசைந்து கை நீட்டுபவர் மாணவருக்கு ஆசிரியராகிறார். உடல் தானம் செய்தவருக்கு உடற்கூற்று மாணவர்கள் உறுதிமொழி எடுத்து மரியாதை செய்வதும் இந்த உணர்வில்தான்.

எஞ்சுவது, பரிவைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி. சரக சம்ஹிதை சிகிச்சைக்கு மருத்துவர், மருந்து, பணியாளர், நோயாளி என நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. குறளின் மருந்து அதிகாரமும் நான்காகவே பகுக்கிறது. பணியாளருக்குச் சரகர் கேட்கும் தகுதிகள் பணிவிடை அறிவு, திறமை, அன்பு, தூய்மை. அறிவோடு அன்பும் ஒரே பட்டியலில் நிற்கிறது. காஞ்சிக்கு அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த வேதக் கல்லூரியையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் சேர்த்தே பேசுகிறது. மருத்துவரோடு சல்லியக்கிரியை என்ற அறுவை செய்பவரும், மூலிகை கொண்டுவருவோரும், பணிவிடைப் பெண்களும் ஊதியம் பெற்றனர். மருத்துவக் கல்வியைப் பற்றி அந்தக் கல்வெட்டு பேசவில்லை; ஆயினும் கல்வியும் நோயாளர் பணியும் ஒரே வளாகத்தில் இருந்தன. மணிமேகலையிலும் பணியும் கல்வியும் சேர்ந்தே வருகின்றன: காஞ்சியில் பசித்தவர்க்கு உணவிட்ட பிறகே அவள் அறவண அடிகளிடம் அளவை கேட்கிறாள்.

செவிலியியல் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் காட்டியதும் இதனோடு இணையும். புதியவர் விதியைப் பின்பற்றுகிறார். தேர்ந்த செவிலியர் நோயாளியின் முழு நிலையையும் ஒரு பார்வையில் உணர்கிறார். அந்தப் பார்வை பல நோயாளிகளின் அருகில் கவனத்தோடு இருந்ததால் வருவது. பரிவை விரிவுரையால் ஊட்ட முடியாது. பரிவோடு நடப்பவரின் அருகில், பொறுப்போடு பணிசெய்யும் மாணவரிடம் அது வளரும். இந்திய மருத்துவக் கல்வி 2019-இல் திறன்சார் பாடத்திட்டத்துக்கு மாறியபோது, மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாற்றல் ஆகியவற்றையும் பாடமாகச் சேர்த்தது சரியான திசை. ஆயினும் வார்டில் மூத்தவர்கள் நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறைதான் அந்தப் பாடத்தை மெய்யாக்கும் அல்லது பொய்யாக்கும். கற்றல் கோட்பாடுகளில் ஒன்றே போதும் என்பதில்லை: சொல் தொடங்கிவைக்கிறது, காட்சி உறுதிப்படுத்துகிறது, அனுமானம் விரிக்கிறது, பழக்கம் கைக்குக் கொண்டுவருகிறது. இவற்றுள் எதைப் பயன்படுத்தினாலும், நோயாளியைக் கருவியாக்காமல் கற்பிப்பதே இந்தக் கல்வியின் முதல் விதி.