ஜாதிக்காய் ஹராமா?

ஜாதிக்காய் தருவது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் தோன்றிய பசுமைமாறா மரம். மஞ்சள் நிறப் பழம் முற்றியதும் தானாகவே இரண்டாகப் பிளக்கும். உள்ளே, கருத்துப் பளபளக்கும் ஓட்டைச் செக்கச்சிவந்த வலை ஒன்று இறுகப் பற்றியிருக்கும். அந்த வலை காய்ந்தால் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பே ஜாதிக்காய். மேல்சதையும் வீணாவதில்லை. கேரளத்தில் அதை ஊறுகாய் போடுகிறார்கள்.

பிரியாணியில் மணக்கும் இந்தப் பருப்பு, இஸ்லாமியச் சட்டவியலில் நீண்ட விவாதம் ஒன்றை எழுப்பியது. ஒரு சிட்டிகை மணம் மட்டுமே தரும். பல கிராம் தின்றாலோ, சில மணி நேரம் கழித்துத் தலை சுற்றும், நா வறளும், நெஞ்சு படபடக்கும், மனம் மயங்கும். அதிகம் உண்டால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் ஹராம் (விலக்கப்பட்டது) என்பது நபிமொழி தரும் விதி. அப்படியானால் அந்தச் சிட்டிகையும் ஹராம்தானா?

16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்ஹைத்தமி, ஆம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்தார். எகிப்தின் ஷிஹாபுத்தீன் அர்ரம்லி, சிறிதளவு கூடும், மிகுதி கூடாது என்றார். இருவரும் ஷாஃபி மத்ஹப் என்னும் ஒரே சட்டப் பள்ளியின் பேரறிஞர்கள். விலக்கு பொருளில் இருக்கிறதா, அளவில் இருக்கிறதா என்பதே அவர்களைப் பிரித்த கேள்வி.

மது நஜீஸ் (அசுத்தம்), அதில் துளியும் ஆகாது. திடப்பொருளான ஜாதிக்காய் நஜீஸ் அல்ல என்பதால் போதையூட்டும் அளவே விலக்கு என்பது ரம்லியின் பக்கத்து நியாயம். சமையலறையும் அதற்குச் சாட்சி சொல்கிறது. குருமாவில் ஜாதிக்காயைத் துருவுபவர் நாடுவது மணத்தை; கை சற்றுத் தாராளமானால் குருமாவே கசந்துவிடும். ஆனாலும் அல்ஹைத்தமியின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. போதையை நாடுபவர் ருசி பார்ப்பதில்லை. இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன், சிறையில் போதைக்காக ஜாதிக்காயைத் தண்ணீரில் கலக்கிக் குடித்ததை அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹு (சட்டவியல்) கருத்தரங்கு, மயக்கம் தராத சிறு அளவில் உணவின் சுவைக்குச் சேர்ப்பதில் தடையில்லை என்றது. ஷாஃபி மத்ஹபினர் மிகுந்த இந்தோனேசியாவில், செமூர் என்னும் இறைச்சிக் குழம்பில் ஜாதிக்காய் இன்றும் மணக்கிறது.