ஒளிக்கு வேகம் குறித்தது யார்?



இந்த மாதம் ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனையில் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தை எடுத்து ஒளியைப் பற்றிப் பிரசங்கித்தேன். அந்த உற்சாகத்தில், ஒரு கைப்பிரதியில் வாசித்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "ஒளி விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் ஓடுகிறது. சிருஷ்டிப்பின் நாட்களில் இதைவிடப் பல மடங்கு வேகமாய் ஓடிற்று. வரவரக் குறைந்துகொண்டே வருகிறது. விஞ்ஞானிகளே ஒத்துக்கொண்டார்கள்!" சபையில் எழும்பின அல்லேலூயா சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான்.

"பாஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"ஒளியோட வேகம் ஏன் கரெக்டா அந்த நம்பரா இருக்கு? அப்புறம், அது குறையுதுன்னு யாரு அளந்து பார்த்தாங்க?"

"கர்த்தர் அப்படி வச்சிருக்கார் தம்பி" என்று தோளில் தட்டி அனுப்பிட்டேன். அந்த வார்த்தை பொய்யல்ல. ஆனால் விசுவாசத்தினால் அல்ல, தப்பித்துக்கொள்ளத்தான் அதைச் சொன்னேன். அன்று ராத்திரி ஜெபத்தில் முழங்கால் நின்றது, மனம் நிற்கவில்லை.

நம் சபையில் கல்லூரியில் இயற்பியல் போதிக்கிற ஒரு சகோதரி உண்டு. அவர்களிடம் போய் மாணவனைப்போல உட்கார்ந்தேன்.

முதலாவது, அந்த எண் நம்முடையதாம். 1791ல் பிரான்ஸ் தேசத்தார், வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்குமான தூரத்தை ஒரு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்குக்கு மீட்டர் என்று பேர் வைக்கத் தீர்மானித்தார்கள். ஒரு நாளை 86,400 பங்காக்கியது விநாடி. பூமி கொஞ்சம் பெரிதாயிருந்தால் மீட்டரும் நீண்டிருக்கும், எண்ணும் குறைந்திருக்கும். மைலில் சொன்னால் இப்போதே 1,86,282தான். பூக்காரம்மா முழத்துக்கும் என் முழத்துக்கும் கணக்கு ஒத்துப்போகாது, பூச்சரமோ ஒன்றே. பிற்பாடு 1983ல் அளவைகளுக்கான சர்வதேச மாநாடு காரியத்தைத் திருப்பிப் போட்டது. ஒளி ஒரு விநாடியில் ஓடுகிற தூரத்தை 29,97,92,458 பங்காக்கி, ஒரு பங்குதான் மீட்டர் என்று நிர்ணயித்தார்கள். ஆகவே இன்றைக்கு அந்த எண் மனுஷர் கூடி எடுத்த தீர்மானம்!

இரண்டாவது விஷயம்தான் என்னைக் குத்தியது. ஒளிக்கு வேகம் உண்டு என்பதை வியாழனின் சந்திரனை வைத்து 1676ல் காட்டியவர் ரோமர். அவருடைய கணிப்பைக்கொண்டு ஹைகன்ஸ் போட்ட கணக்கு சுமார் 2,20,000 கிலோமீட்டர். 1849ல் பல்சக்கரத்தைச் சுழற்றி அளந்த ஃபிஸோவுக்கு ஏறக்குறைய 3,13,000 வந்தது. 1862ல் சுழல் கண்ணாடியால் அளந்த ஃபூக்கோவுக்கு 2,98,000. என் கைப்பிரதியோ ஃபிஸோவின் எண்ணையும் இன்றைய எண்ணையும் மாத்திரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், குறைகிறது" என்றது. ஹைகன்ஸை வைத்துப் பார்த்தால் கூடியிருக்க வேண்டுமே! மாறினது ஒளி அல்ல, கருவி. அளவு துல்லியமாக ஆக, எண் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது. எனக்குச் சாதகமானது என்பதற்காகவே அதைச் சோதிக்காமல் விழுங்கியிருக்கிறேன்.

யோபுவின் புத்தகம் 13ஆம் அதிகாரத்தில், தேவனுக்கு வக்காலத்து வாங்க வந்த சிநேகிதரைப் பார்த்து, அவருக்காகப் பேசப் பொய்யும் உங்களுக்குத் துணை வேண்டுமா என்ற கருத்தில் யோபு கேட்கிறான். எத்தனையோ தரம் வாசித்த பகுதி. அந்தச் சிநேகிதர் வரிசையில் நானும் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

சரி, அளவுகோலைத் தள்ளிவிட்டால் 'ஏன்' என்ற கேள்வி தீர்ந்ததா? இல்லை. மின்சாரத்தின் பலத்தையும் ஒளியின் வேகத்தையும் இன்னொரு மாறிலியையும் சேர்த்தால் மீட்டரோ மைலோ ஒட்டாத ஒரு சுத்தமான எண் வருகிறதாம்: ஏறக்குறைய 137ல் ஒரு பங்கு. அது வெகுவாய் மாறினால் அணுக்களின் கட்டுமானமே வேறாகிவிடும். ஏன் 137? ஃபெயின்மன் என்ற பெரிய விஞ்ஞானி 1985ல் வந்த தன் புத்தகத்தில் அதை மர்மம் என்றே எழுதினார். இன்றுவரை ஒருவரும் விடை தரவில்லை.

இங்கேதான் என் நாக்கு மறுபடியும் துள்ளியது. "பார்த்தீர்களா, அங்கேதான் நம் தேவன்!" என்று அடுத்த பிரசங்கத்துக்குக் குறிப்பே எழுதிவிட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். அதை நியமித்தவர் அவரே என்று விசுவாசிக்கிறேன். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை 137க்குக் காரணம் கண்டுபிடித்தால் நம் கர்த்தர் சிங்காசனத்தை விட்டு இறங்கிவிடுவாரா? ஒளி வாசம்பண்ணும் இடத்துக்கு வழி தெரியுமா என்று கர்த்தர் கேட்டபோது யோபு பதில் சொல்லவில்லை. கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டது அவனையல்ல, எல்லாம் தெரிந்ததுபோலப் பேசின சிநேகிதரைத்தான்.

அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையிலேயே சொன்னேன்: நான் சொன்னது தவறு, மன்னியுங்கள். ஒரு மூத்த சகோதரருக்கு வருத்தம். "ஐயா, அதைச் சொல்லாம விட்டிருக்கலாமே. புது ஆத்துமாக்கள் இடறிப் போவாங்களே" என்றார். அவர் பாரம் நியாயமானதுதான். இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பியிடம் 137ஐப் பற்றிச் சொன்னபோது, "அது ஏன் பாஸ்டர்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். இயற்பியல் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறான், இடம் கிடைக்க உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.