மூச்சைப் பொறுப்பேற்றல்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றோன், மருத்துவன், மருந்து, அருகிருந்து தொண்டாற்றுவோன் என நான்கு கூறாக வகுக்கின்றது. முதல் மூன்றும் பெரிதும் பேசப்படுவன. நான்காவது பெரும்பாலும் மறக்கப்படுவது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்தாவதாக ஒன்றும் இடம்பெற்றுள்ளது. நோயாளியின் விரலைக் கவ்வி நின்று, குருதியின் ஒட்சிசன் நிறைவை நூற்றுவீதமாகக் காட்டும் சிறு கருவியே அது. கருவி காண்கின்றதெனின் மனிதன் காணவேண்டிய கடமை குறைந்துவிடுகின்றதா? இவ்வினா தொழில்நுட்பம் பற்றியதன்று, அறம் பற்றியது.

மூச்சுத் திணறும் நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் அளிக்க அவரது மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் செலுத்தப்படுகின்றது. அதற்கெனத் தரப்படும் மருந்துகள் உணர்வை அகற்றித் தசைகளைத் தளர்த்துகின்றன. நோயாளியின் சொந்த மூச்சு நின்றுவிடுகின்றது. அந்நொடி முதல் இயந்திரம் மூச்சூட்டத் தொடங்கும் வரை அவர் உயிர்வாழ்வது முன்னர்ச் சேர்த்துவைத்த ஒட்சிசனைக் கொண்டேயாகும். அமைதியாக மூச்சுவிட்ட பின்னர் ஒருவரின் நுரையீரலில் எஞ்சுவது ஏறத்தாழ இரண்டரை லீற்றர் வாயு. அது வெறுங்காற்றாயின் அதிலுள்ள ஒட்சிசன் அரை லீற்றருக்கும் குறைவு. சில நிமிடங்கள் தூய ஒட்சிசனை ஊட்டின் அது இரண்டு லீற்றரைக் கடக்கும். உடல் நிமிடத்துக்குச் செலவிடுவது ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். எனவே நலமுள்ள ஒருவருக்கு ஓரிரு நிமிடமாக இருக்கும் அவகாசம் எட்டு நிமிடமளவுக்கு நீள்கின்றது. ஆயின் நுரையீரலில் நீரோ சீழோ நிறைந்து, காய்ச்சலால் செலவும் பெருகியவருக்கு அச்சேமிப்பு விரைவிற் கரைந்துவிடும். 29 நாடுகளில் 2964 நோயாளரை நோக்கி 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இச்செயலின்போது 9.3 வீதத்தினருக்கு ஒட்சிசன் கடுமையாக வீழ்ந்தது, 3.1 வீதத்தினருக்கு இதயமே நின்றது.

இங்கு ஓர் அறமாற்றம் நிகழ்வதை உணர்தல் வேண்டும். மருந்து ஏற்றும் வரை நோயாளியின் மூச்சை அச்சுறுத்துவது நோய். ஏற்றிய பின்னர் அதனை நிறுத்தியவர் மனிதர். அதுவரை செய்தது உதவி. அதன் பின்னர்ச் செய்வது கடன் தீர்த்தல். பிறரிடமிருந்து ஒன்றை எடுப்பவர், அதனைத் திருப்பியளிக்கும் வழி தம்மிடம் உண்டா என எடுப்பதற்கு முன்னரே ஆராயக் கடமைப்பட்டவர். குழாய் செலுத்துமுன் ஒட்சிசனை அளந்தறிவது இக்கடமையின் மருத்துவ வடிவமேயன்றி வேறில்லை.

ஆயின் எண்ணை நோக்கினால் மட்டும் கடமை நிறைவேறிவிடுமா? அப்புத்தளை மலைமுகட்டில் நடப்பவர், நிலம் மெல்லச் சரிந்து சென்று திடீரெனப் பள்ளத்தாக்காக வீழ்வதை அறிவர். குருதியின் ஒட்சிசன் நிறைவும் அத்தகையதே. நூறிலிருந்து தொண்ணூறு வரை இறக்கம் மெதுவானது. அதன் கீழ் செங்குத்தானது. மேலும், விரல்நுனியில் தோன்றும் எண் சற்று முன்னிருந்த நிலையின் எண்ணாகும். குருதியோட்டம் குன்றியவரில் அத்தாமதம் இன்னும் மிகும். தொண்ணூறு எனக் கருவி அறிவிக்கையில் உடல் அதனைக் கடந்து சென்றிருக்கலாம்.

கருவியின் நேர்மைக்கும் எல்லை உண்டு. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவொயாகி 1974 ஆம் ஆண்டளவில் இதன் அடிப்படைக் கோட்பாட்டைக் கண்டறிந்தார். தோலினூடாக ஒளியைச் செலுத்தி அளப்பதே அம்முறை. தோலின் நிறம் அளவைப் பாதிக்கக்கூடும் என்பது 1990 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டப்பட்டது. 2020 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வோ, கருவி நல்லளவு காட்டியபோதும் குருதியில் ஒட்சிசன் தாழ்ந்திருந்தமை வெள்ளையரிலும் பார்க்கக் கறுப்பின நோயாளரிடையே ஏறத்தாழ மும்மடங்கு என்றது. பனிக்குளிரில் கொழுந்து பறித்துக் குளிர்ந்து காய்த்துப்போன விரல்களைக் கொண்ட ஊவாத் தோட்டப் பெண்ணுக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

இன்னுமொன்று உண்டு. கருவி காட்டுவது வீதம், அளவன்று. ஈமோகுளோபின் 15 கிராம் உள்ளவரின் 100 மில்லிலீற்றர் குருதி ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஏழரை கிராம் உள்ளவரின் குருதி அதிற் பாதியையே சுமக்கும். இருவர் விரலிலும் தோன்றும் எண் 98 ஆகவே இருக்கலாம். குருதிச்சோகை நெடுநாட் பிணியாக நிலைத்த லயன்களிலிருந்து வருபவரை அவ்வெண் செல்வரெனக் காட்டுகின்றது. வறுமையை மறைக்கும் வீதக்கணக்குகள் வேறிடங்களிலும் உள. இதுவோ உடலுக்குள்ளேயே நிகழ்வது.

இதனால் கருவியைத் தள்ளிவிடுதல் தகுமா? தகாது, அதனோடு மனிதக் கண்ணைச் சேர்த்தலே தகும். இதற்குச் சான்று இம்மலைநாட்டு மருத்துவ வரலாற்றிலேயே உண்டு. பேராதனையைச் சார்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய மருத்துவ அறிஞர் இருவர், ஒகனோபொசுபரசுப் பூச்சிநாசினி நஞ்சேறிய பத்து நோயாளரைப் பற்றி 1987 ஆம் ஆண்டு எழுதினர். தொடக்க நெருக்கடி தணிந்தபின், 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், அவர்களது கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் செயலிழந்தன. இத்தகைய நோயாளி ஒட்சிசன் பெற்றுக்கொண்டிருப்பின், சுவாசத் தசைகள் தளர்ந்த பின்னரும் கருவியின் எண் சிறிது காலம் வீழாதிருக்கும். ஆனால், தலையணையிலிருந்து தலையை உயர்த்துமாறு கேட்கும் தாதி, அவரால் அது இயலாமையைக் கண்டு ஆபத்தை முன்னரே உணர்வார். வெலிமடை, பண்டாரவளை மரக்கறித் தோட்டங்கள் பூச்சிநாசினியை நன்கறிந்தவை. அங்குள்ள மருத்துவத்துக்கு இப்பாடம் ஏட்டளவில் நிற்பதன்று.

வசதிகள் பெருகினால் இச்சிக்கல் தானே தீரும் என்பாரும் உளர். வசதி வேண்டியதே. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளை நிறைவேற்றும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மீது 1912 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சுமத்தியது; இருந்தும் லுணுகலை, பசறை மலைகளிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கான வழி நோயாளிக்கு இன்றும் நெடியதே. எனினும், கருவி நிறைந்த அறையிலும் ஒரு குறை எஞ்சும். குழாய் செலுத்துவதிலேயே கருத்தூன்றிய மருத்துவர் காலம் கழிவதை உணரார். ஆகவே எண்ணை உரக்கக் கூறுவதையே தனிப்பணியாகக் கொண்ட ஒருவரும், "நிறுத்துங்கள், மீண்டும் ஒட்சிசன் கொடுங்கள்" எனச் சொல்லும் உரிமை அவருக்கு இருத்தலும் இன்றியமையாதன. துரைக்கு எதிரே வாய்திறத்தல் தவறெனப் பழக்கப்பட்ட சமூகத்தில், இளநிலைத் தாதியொருவர் மூத்த மருத்துவரைத் தடுத்தல் எளிதன்று. அக்குரலுக்கு இடமளிப்பது பணச்செலவு வேண்டாத சீர்திருத்தம். ஆயின் மனச்செலவு மிக்கது.

நோயாளியின் குரலும் இதிற் சேரும். தமிழில் மட்டுமே பேசவல்ல முதியவள் "மூச்சு முட்டுது" என்று கூறுகையில், அச்சொல் விளங்காதவர் முன் எஞ்சுவது கருவியின் எண் ஒன்றே. அவ்வெண் 98 ஆயின் அவள் கூற்று பொய்யெனவும் கொள்ளப்படலாம். உணர்வு அகற்றப்படுமுன் அவள் கூறும் இறுதிச் சாட்சியம் அதுவாகும். அதனைக் கேட்டறிந்த பின்னரே அவளது மூச்சைப் பிறர் கையேற்றல் முறை.

எண்ணை நோக்குதல் அறிவு. எண்ணுக்குரியவரை நோக்குதல் அறம். நான்காம் கூறாகிய அருகிருப்போனின் இடத்தை ஐந்தாவதாக வந்த கருவி நிரப்பாது. அவன் கண்ணுக்குத் துணையாகவே நிற்கும்.