சரீரப் பயிற்சியும் சரியைத் தொண்டும்

சிவமயம்

சைவப் பாடசாலை உபாத்தியாயர்களே!

ஆன்மாக்களை அநாதியே பற்றிய ஆணவமலத்தை நீக்குதற்பொருட்டுச் சிவபெருமான் தமது பெருங்கருணையினாலே தநு கரண புவன போகங்களைத் தந்தருளினார். அவற்றுள்ளே தநுவாகிய இச்சரீரம் நாம் தேடிய பொருளன்று. அவர் தந்த கருவி. தந்த கருவியைத் துருவேற விடுவோன் தந்தவருக்கு விடைசொல்லக் கடவன்.

சிலர், "சரீரம் அநித்தியம், அதனைப் பேணுதல் வீண்" என்பர். அவர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தை நோக்குக. திருமூலநாயனார், முன்பு உடம்பை இழிந்ததென்று எண்ணியதையும், பின்பு அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டு பேணியதையும் அங்கே கூறியருளினார். வேறு சிலர், "நோய் பிராரத்தவினையால் வருவது, பயிற்சி என்செய்யும்?" என்பர். பசியும் வினையால் வருவதே, அதுபற்றி உண்ணாதிருப்பாருளரோ? வினைப்பயனை ஊட்டுபவர் எவரோ அவரே மருந்தையும் முயற்சியையும் தந்தவர். முயற்சியை ஒழித்தல் ஆகாமியத்தை ஈட்டுதலேயாம்.

நோய்க்கு உடலுழைப்பை மருந்தாக விதித்தல் புதியதன்று. பிரமேகநோய் கொண்ட வறியவன் நூறு யோசனை நடக்க வேண்டும், கிணறு தோண்ட வேண்டும் என்று சுசுருத சங்கிதை விதிக்கின்றது. பயிற்சியைத் தன் வலிமையிற் பாதியளவே செய்க என்று எல்லையும் வகுக்கின்றது. நீரிழிவு வருதற்கேதுவான நிலையிலிருந்த 3,234 பேரை அமெரிக்காவிலே ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டார்கள். வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடத்தல் முதலிய முயற்சி செய்து, உணவைச் சுருக்கி, உடல்நிறையைக் குறைக்க முயன்றோரிடத்து நோய் வருதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெற்போமின் என்னும் மருந்துண்டோரிடத்து 31 பங்கே குறைந்தது. காரணம் யாதெனில், உழைக்குந் தசை இரத்தத்திலுள்ள சருக்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலினும் செவ்வனே தொழிற்படும். இலண்டன் மாநகரிலே, இருந்தபடி பஸ் ஓட்டுஞ் சாரதிகளினும், படியேறியிறங்கிச் சீட்டுக்கொடுக்கும் நடத்துநருக்கு இருதயநோய் குறைவென்று மொறிஸ் என்னும் வைத்தியர் 1953 இலே காட்டினார்.

திருநாவுக்கரசுநாயனாருடைய சூலைநோய் திருவதிகையிலே திருவருளால் நீங்கிற்று. நீங்கியபின் அவர் ஓய்ந்திருந்தாரா? உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் நடந்து புல்லைச் செதுக்கினார். முதுமையிலே திருப்புகலூரிலும் அத்தொண்டைக் கைவிட்டாரல்லர். திருவலகிடல், திருமெழுக்கிடல், நந்தவனம் வைத்தல், வலம்வருதல் ஆகிய சரியைத் தொண்டுகள் யாவும் உடலால் முயல்வனவே. சுகத்தின்பொருட்டுத் தொண்டு செய்க என்கின்றேனல்லேன். தொண்டிற்குரிய உடலை நோய்க்கு இரையாக்காதொழிக என்கின்றேன்.

இதனை எழுதுவோன் மிஷன் பாடசாலையிலே பயின்றவன். அங்கே நாடோறுந் தேகாப்பியாசஞ் செய்வித்தார்கள். அதனைப் பரசமயத்தார் வழக்கென்று இகழ்ந்து, உபாத்தியாயனானபின் மாணாக்கருடைய விளையாட்டு வேளையைப் பறித்துக் கணிதத்துக்குக் கொடுத்தேன். ஐம்பது வயதிலே நீரிழிவு கண்டு, வைத்தியர் நடக்கப் பணித்தபோதே என் பிழை விளங்கிற்று. எனக்கு நேர்ந்தது என் தவற்றின் பயன். ஆனால் அப்பிள்ளைகளிடம் பறித்த வேளையை யான் எவ்வாறு திருப்பிக் கொடுப்பேன்?

ஆதலால், உபாத்தியாயர்களே! 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாடோறுஞ் சராசரி 60 நிமிடம் உடல் முயல வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020 இலே வகுத்தது. பரீட்சையைக் காரணங்காட்டி அவ்வேளையைக் கவராதொழிக. நீங்களும் அவர்களுடன் வெளியிலே நில்லுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களைக் கோயில் வீதிக்கு அழைத்துச் சென்று புல்லைச் செதுக்குவியுங்கள். நோயுற்றோர் வைத்தியரைக் கேட்டுத் தம் வலிமைக்கேற்ப முயல்க. மருந்தைத் தாமாக நிறுத்தற்க. நாம் நடந்து காட்டாத பாடத்தை மாணாக்கர் கல்லார் என்பதை மறவாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.