எந்த இலை

நண்பன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இப்ப நாக்குல நிக்கிறது எந்த இலைடா? வெளுத்ததா, கறுத்ததா?"

"கறுத்தது" என்றேன், யோசிக்காமல். அவன் தலையை ஆட்டிவிட்டு மகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். என் மனம் அந்தப் பேச்சில் ஒட்டவில்லை. நான் எதைச் சுவைத்துவிட்டு அப்படிச் சொன்னேன்?

அவன் மயாமியிலிருந்து வந்திருந்தான். கொண்டுவந்த சுருட்டு நிகராகுவாவின் எஸ்தெலி நகரத்தில் சுற்றியது. கியூபப் புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய புகையிலைக்காரர்கள் போய் வேரூன்றிய ஊர்களில் அதுவும் ஒன்று. சுருட்டின் மேலிலை இரண்டு நிறம். வெளிர் பழுப்பில் ஒரு பட்டை, கிட்டத்தட்ட கறுப்பில் ஒரு பட்டை, இரண்டும் அடியிலிருந்து நுனிவரை பின்னிக்கொண்டு ஏறும். அமெரிக்க முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சுழலும் கம்பத்தைப் போல் இருப்பதால் இதை 'பார்பர் போல்' என்கிறார்கள்.

எனக்கு அந்த இரண்டு பட்டைகளையும்விட அவை சந்திக்கும் விளிம்புதான் பெரிதாகத் தெரிந்தது. சாதாரணச் சுருட்டில் உள்ளிலைகளைக் கூட்டி, கட்டிலையால் இறுக்கி, கடைசியில் ஒரே ஒரு மேலிலையைப் போர்த்துவார்கள். இதில் இரண்டு இலைகளை ஒடுக்கமான நாடாக்களாக அறுத்து, ஒன்றின் ஓரத்தை மற்றதன் ஓரத்தில் ஏற்றி, இரண்டையும் ஒரே இழுவையில் சுற்ற வேண்டும். கறுத்த இலை தடிப்பானது, எண்ணெய்ப் பசை உள்ளது. வெளுத்தது மெலிந்தது. தடித்ததற்கு வேண்டிய இழுப்பை மெலிந்தது தாங்காது. சுற்றுகிற விரல்கள் அந்த வேறுபாட்டை அறிந்து இழுத்திருக்கின்றன. விளிம்பில் விரலை ஓட்டினேன், மேடு தட்டுப்படவில்லை.

பற்றவைத்த பிறகும் என் கண் அந்த விளிம்பிலேயே நின்றது. பட்டைகள் சுருளாக ஏறுவதால் எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் இரண்டு இலையும் இருக்கும். நெருப்பு செய்வது அந்தக் குறுக்கு வெட்டைத்தான். தடித்த இலை மெதுவாக வேகும், மெல்லியது சற்று முந்திக்கொள்ளும், அதனால் நெருப்பின் கோடு நேராக இல்லாமல் அலை அலையாக இறங்கும். ஆனாலும் ஒரு இழுப்பில்கூட ஒரு இலையின் புகை மட்டும் தனியாக வராது. போதாததற்கு, புகையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் இலைகளுடையது. அப்படியிருக்க, "கறுத்தது" என்று நாக்கு எப்படிச் சொன்னது? அவன் கேட்ட நேரத்தில் சுருட்டின் கறுத்த பக்கம் என்னை நோக்கித் திரும்பியிருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

போர்தோ பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையைப் பற்றி எப்போதோ படித்திருந்தேன். 2001-இல் வெளியானது. திராட்சை மது பற்றிப் படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வருணித்தார்கள். இதைச் சொல்லிச் சுவை அறிந்தவர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அந்தக் கேலி எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் முகர்ந்தது உண்மை. முகர்ந்தது மூளைக்குப் போகும்போது கண்ணில் பட்டதையும் கூடவே அழைத்துப் போயிற்று. மூக்கு தனியாக, கண் தனியாக வாழ்ந்த ஒரு மனிதரை யார் கண்டார்கள்?

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் வைத்திருந்து, அதில் கொஞ்சத்தைத் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏற்றி வெளியே விட வேண்டும். அப்போதுதான் வாசனைகள் பிரியும். தேவதாரு, கொக்கோ, மிளகு, தோல் என்று பழகியவர்கள் சொல்வார்கள். மிளகின் காரம் எனக்கும் மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னால் வந்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று. விசாகப்பட்டினத்தின் வால்டேர் ரயில்வே குடியிருப்பின் பின்வாசல்.

அப்பாவுக்கு அங்கே வேலை. மீன் கொண்டுவரும் கிழவி கூடையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் சுட்டா என்ற நாட்டுச் சுருட்டை எடுத்துப் பற்றவைப்பாள். இரண்டு இழுப்பு இழுத்த பின் அதைத் திருப்புவாள். நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொள்வாள். நெருப்பு வாய்க்குள்ளேயே இருக்க, வஞ்சிரத்துக்கு விலை பேசுவாள். புகை உதட்டோரத்தில் மெல்லியதாகக் கசியும். இப்படிப் புகைப்பதற்கு அட்டபொக என்று அந்தப் பக்கத்தில் பெயர். கடல்காற்றில் அணையாது, நெடுநேரம் வரும் என்று காரணம் சொல்வார்கள். சுடாதா என்று கேட்டேன். பழகிவிட்டது என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். அம்மா என் முதுகில் தட்டி உள்ளே போகச் சொன்னாள்.

அந்தக் கிழவி தான் புகைத்ததைப் பார்க்கவே இல்லை. இலையின் நிறம், நெருப்பின் கோடு, சாம்பலின் நீளம் எதுவும் அவள் கண்முன் இல்லை. கண்ணின் துணையில்லாத சுவை என்று ஒன்று இருக்குமானால் அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரப் பெண்களிடம் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து கண்டது வேறு. வாயின் மேலண்ணம் வெளுத்துத் தடித்துப்போகிறது. மற்ற இடங்களில் அபூர்வமான மேலண்ணப் புற்றுநோய் அங்கே அதிகம். தங்கக் காகித வளையம் போட்டு மரப்பெட்டியில் வரும் சுருட்டும் வாயைக் கெடுப்பதில் குறைந்ததல்ல, நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும். புகையிலையின் சுவையைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அன்று சுவைத்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க மனம் வரவில்லை.

வெளுத்த இலை ஏன் வெளுத்தது என்று தேடியபோது வேறொரு இடத்துக்குப் போய்விட்டேன். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வின்ட்சர் என்ற ஊரில், 1900-இல் வயல் முழுவதற்கும் மெல்லிய பருத்தித் துணியால் பந்தல் போட்டுப் புகையிலை வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் குறைந்து ஈரம் கூடியதில் இலை மெலிந்து, நரம்பு அடங்கி, வெளிறி வந்தது. மேலிலைக்கு அது வாகாக இருந்தது. அதே பள்ளத்தாக்கில் துணியில்லாமல் முழு வெயிலில் நிற்கும் இன்னொரு வகையும் உண்டு. அதைத் தண்டோடு வெட்டி உலர்த்தி, பின்பு குவியலாக அடுக்கிப் புழுங்கவிடுவார்கள். குவியல் தானாகவே சூடேறி அம்மோனியா நெடியைக் கக்கும். பிரித்து அடுக்கி, மறுபடி பிரித்து அடுக்கி, மாதக்கணக்கில் அது கறுக்கும். இரண்டும் ஒரே செடியினம். விதைவகையிலும் வேறுபாடு உண்டு என்றாலும், வெளுப்பிலும் கறுப்பிலும் பெரும்பங்கு துணியும் வெயிலும் புழுக்கமும் செய்த வேலை.

அந்தத் துணிப்பந்தல் வயல்களில், சிம்ஸ்பரி என்ற ஊரில், 1944 கோடையில் இலை பறித்தவர்களில் 15 வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். மோர்ஹவுஸ் கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்க அட்லாண்டாவிலிருந்து வந்த கறுப்பின மாணவர் கூட்டத்தோடு அவர் போனார். ஹார்ட்ஃபோர்டில் நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்ததை, வெள்ளையரோடு ஒரே தேவாலயத்தில் இருக்க முடிந்ததை வீட்டுக்குக் கடிதத்தில் எழுதினார். ஊர் திரும்பும்போது வாஷிங்டன் வந்ததும் கறுப்பருக்கான பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் திரைக்குப் பின்னால் உட்காரவைத்ததைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பல வருடங்களுக்கு முன் படித்தது, வாசகம் மறந்துவிட்டது, திரை மட்டும் மறக்கவில்லை. இலையின் நிறத்தையும் மனிதரின் நிறத்தையும் சேர்த்து முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. இலைக்கு எதுவும் வலிக்காது. ஆனால் வெளுப்பாக ஒரு பட்டை என் கண்ணை நிறைப்பதற்கு, அந்த வயல்களில் புழுக்கத்தில் குனிந்து அடியிலைகளைப் பறித்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பது தெரிந்த பிறகு, அதன் சுவை எனக்கு மாறித்தான் போயிற்று. இப்போது யாராவது அந்தச் சுருட்டைக் கொடுத்தால் "வெளுத்தது" என்று சொல்வேனோ என்னவோ.

நண்பனின் கேள்விக்கு விடை தேட ஒரு வழி இருக்கிறது. ஒரே உள்ளிலைக் கலவையை வெளுத்த மேலிலையில் ஒன்று, கறுத்த மேலிலையில் ஒன்று என்று தனித்தனியாகச் சுற்றி விற்கும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. அவற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு புகைத்துப் பழகிய ஒருவரால், பின்பு இரட்டை நிறத்திலும் எது தூக்கலாக இருக்கிறது என்று ஓரளவு சொல்ல முடியலாம். எதிரில் ஒப்பிட ஒன்று இருப்பதால் அது கைகூடும்.

அந்த வசதி எல்லாவற்றுக்கும் இல்லை. அம்மா போன பிறகு, நான் கோபத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சித்தி சொல்வார்: "அப்படியே அக்காதான்." அப்பா வழியில் பெரியப்பாவோ, "அவன் எங்க வீட்டுப் பிள்ளை, அந்த மௌனம் எங்க அப்பாவோடது" என்பார். நானும் ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்றை ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதே வேகத்தில், யோசிக்காமல். பிள்ளைகளிடம் கடுமையாகப் பேசிவிட்டால் அது அப்பாவுடையது என்று தள்ளிவிடுவதும், விருந்தாளிக்கு முதலில் இலை போட்டுவிட்டால் அது அம்மாவுடையது என்று வைத்துக்கொள்வதும் எனக்குப் பழக்கம். அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் வெளிச்சத்தில் திரும்பியிருக்கிறதோ அதைச் சொல்கிறேன் போலிருக்கிறது. சித்தியும் தன் அக்காவைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் என்னைப் பார்க்கிறாரோ என்று நினைப்பதுண்டு. அந்த ஆசையைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பா மட்டுமே வளர்த்த ஒரு நான், அம்மா மட்டுமே வளர்த்த ஒரு நான் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கும் கிடையாது. சித்தி மட்டும் இன்னும் உறுதியாகவே சொல்கிறார். என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர் அவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.