மணியை நம்பி

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து கோடையில் ஒரே ஒரு நாள் பழைய லண்டன் பேருந்துகள் இம்பர் என்ற ஊருக்கு ஓடுகின்றன. பேருந்துப் பிரியர்கள் சிலர் 2009-இல் தொடங்கிய வழக்கம். இம்பரில் இன்று யாரும் குடியில்லை. அம்மா, மகள், நாங்கள் இருவர் என்று நால்வராகக் கிளம்பினோம்.

*

எங்களுக்கு வாய்த்தது ஒரு ரூட்மாஸ்டர். 1956-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வகை. 2005 டிசம்பரில் 159-ஆம் தடத்தோடு லண்டனின் அன்றாட ஓட்டத்திலிருந்து விடைபெற்றது. அலுமினிய உடம்பு. பின்னால் கதவே இல்லாத திறந்த படி, பிடித்து ஏற ஒரு கம்பி.

அம்மா கம்பியைப் பற்றி ஒரு காலை வைத்தார். சற்று நின்று மூச்சு வாங்கினார். பிறகு மறு காலைத் தூக்கினார். நடத்துநர் அவசரப்படுத்தவில்லை. அம்மா இருக்கையில் உட்கார்ந்த பிறகே, கூரையோரம் ஓடும் கயிற்றை இரண்டு முறை இழுத்தார்.

*

ஓட்டுநர் எஞ்சினுக்குப் பக்கத்தில் தனிக் கூண்டில் இருக்கிறார். பின்படியில் யார் பாதி ஏறி நிற்கிறார் என்று அங்கிருந்து சரியாகத் தெரியாது. ஒரு மணி கேட்டால் நிறுத்துவார்; இரண்டு கேட்டால் எடுப்பார். தான் பார்க்காததை இன்னொருவர் பார்த்துவிட்டார் என்ற உறுதியில்தான் வண்டி நகர்கிறது. ஏறியவர்களும் அதே உறுதியில்தான் பேசிக்கொண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டும் வருகிறோம்.

*

மேல்தளத்தில் மகளோடு உட்கார்ந்தேன். சால்ஸ்பரி சமவெளி மரமில்லாமல் விரிந்து கிடக்கிறது. துருப்பிடித்த பழைய டாங்கிகள். வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், சாலையை விட்டு இறங்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகைகள். இது ராணுவப் பயிற்சி நிலம்.

1943 நவம்பரில் இம்பர் மக்களைக் கூட்டி, கிறிஸ்துமஸுக்குள் ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக இடம் வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். கையில் எழுத்து எதுவும் இல்லை. ஊர்க் கொல்லர் பட்டறைக் கல்லின் மேல் சாய்ந்து அழுதார் என்று இன்றும் சொல்கிறார்கள். போர் முடிந்தது, ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1961-இல் மக்கள் திரளாக வந்து உரிமை கேட்டார்கள். விசாரணை நடந்து, நிலம் ராணுவத்திடமே இருக்கட்டும் என்று முடிவானது.

*

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம் மட்டும் முழுதாக நிற்கிறது. மற்றவை பெரும்பாலும் ஜன்னலற்ற சுவர்கள், பயிற்சிக்கென்று ராணுவம் கட்டிய வெற்று வீடுகள். "இங்கே இருந்தவங்க எங்கே போனாங்க?" என்று மகள் கேட்டாள். பக்கத்து ஊர்களுக்கு என்றேன். "அவங்களுக்குக் கோபம் வரலையா?" வந்திருக்கும் என்றார் அம்மா. சொந்தக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் வராது.

*

இந்தப் பேருந்துகளை ஓட்டுபவர்களும் சீட்டுக் கொடுப்பவர்களும் தன்னார்வலர்கள். வசூலாகும் பணம் அறப்பணிகளுக்குப் போகிறது. இந்தத் தேவாலயமும் அதில் பயன்பெறுகிறது. ஊரைத் திருப்பித் தர அவர்களால் முடியாது. போக ஒரு வழியை மட்டும் ஆண்டுதோறும் திறந்து வைக்கிறார்கள்.

நம்பிக் கால் வைத்தவர் ஏறி முடிக்கும் வரை காத்திருப்பது அந்த நடத்துநருக்கு வேலையின் ஒரு பகுதி. ஊர்களை ஆள்பவர்களுக்கும் அதுவே வேலையின் முதல் பகுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.