மேட்டு நீரும் பள்ளத்துத் தாகமும்

ஆறு பிறக்கும் மேட்டில் வாழ்வோர் சிலர். அதைக் குடிக்கும் பள்ளத்தில் வாழ்வோர் பலர். மேட்டிலுள்ளவன் காட்டையும் ஓடையையும் காத்தால் பள்ளத்திலுள்ளவன் நலம் பெறுகிறான். அப்படிக் காப்பதற்கு அவன் ஈடு கேட்கலாமா? தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, இது தண்ணீருக்கு விலை வைப்பதாகாதா?

அமெரிக்காவின் நியூயார்க் நகரைப் பாருங்கள். அதன் குடிநீரில் பத்தில் ஒன்பது பங்கு, தொலைவிலுள்ள கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. 1989-ல் வந்த சட்டப்படி, அந்த நீரை வடிகட்ட நகரம் பல நூறு கோடி டாலர் செலவில் ஆலை கட்ட வேண்டும். அல்லது நீர் பிறக்கும் இடத்தையே தூய்மையாகக் காக்க வேண்டும். நகரம் இரண்டாவதைத் தேர்ந்தது. 1997-ல் மலையூர்களுடன் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. மாட்டுச் சாணம் ஓடையில் கலவாமல் தடுக்கவும், கழிவுநீர்த் தொட்டிகளைச் செப்பனிடவும் நகரம் பணம் தருகிறது. விற்க மனமுள்ளவர்களிடம் மட்டுமே நிலம் வாங்குகிறது. முன்பு அப்படியில்லை. 1907-ல் தொடங்கிய அஷோகன் நீர்த்தேக்கத்திற்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன, கல்லறைகள்கூடப் பெயர்க்கப்பட்டன.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். நீர்நிலையை அசுத்தப்படுத்தாதிருப்பது கடமை. பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்க எவரும் கூலி கேட்க முடியாது. ஆனால் ஒருவன் தனக்கு ஆகுமான உரிமையைப் பிறருக்காக விட்டுக் கொடுப்பது வேறு.

மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் வழக்கு இதைத் தெளிவாக்கும். மேல்பக்கத் தோட்டக்காரரான ஸுபைர் (ரலி) அவர்களிடம், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு அண்டைத் தோட்டத்துக்கு விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கீழ்ப்பக்கத்துக்காரர் அதையும் ஏற்காமல் குறை பேசவே, வரப்பு முட்டும் வரை நீரைத் தேக்கிக் கொள்ளும்படி தீர்ப்பளித்தார்கள். முதலில் சொன்னது விட்டுக் கொடுக்கும் சமாதானம். பின்னர்ச் சொன்னது முழு உரிமை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். விட்டுக் கொடுப்பதை உரிமைபோல் அதட்டிப் பெற முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? ஆகவே, வேலி போடும் உழைப்புக்கும் விட்டுக் கொடுத்த பயனுக்கும் தரும் ஈடு தண்ணீரின் விலையல்ல என்பதே எளியேனின் கருத்து.

பாதுகாப்பின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஒரு மேய்ச்சல் நிலத்தை அரசின் கால்நடைகளுக்காக ஒதுக்கியபோது, சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடும்படி அதன் காவலருக்குக் கட்டளையிட்டார்கள். செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விட வேண்டாம் என்றார்கள். மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையோ பிள்ளைகளோடு வந்து அரசிடம்தானே நிற்பான்!

பள்ளத்திலுள்ளவனுக்கும் பொறுப்புண்டு. தேவையைக் குறைக்காமல் மேட்டுக்காரனை மட்டும் காக்கச் சொல்வது நீதியல்ல. நியூயார்க்கும் 1990-களில் அதிகத் தண்ணீர் குடிக்கும் பழைய கழிப்பறைகளை மாற்றித் தன் செலவைக் குறைத்தது. ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்த நபியின் உம்மத்தாகிய நாம், குழாயைத் திறக்கும்போது இந்த நீரைக் காத்து அனுப்பியவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.